சிங்கத்துக்கு எதற்குப் பூ?

எதற்கும் அஞ்சாத சிங்கம் ஒன்றே ஒன்றுக்கு அஞ்சுமாம். தன் பிடரி மயிருக்குள்ளேயே குடியிருந்து, தன் சதையையே தின்னும் ஒரு சின்னப் பூச்சிக்கு. வெளியிலிருந்து வரும் எந்த விலங்கையும் அது ஒரு கை பார்த்துவிடும். உள்ளே இருந்து அரிக்கிற பூச்சியிடம் அதன் நகமும் பல்லும் செல்லாது. அந்தப் பூச்சிக்கு ஒரே மருந்து பியோனி மலரிலிருந்து சொட்டும் இரவுப் பனி. அதனால்தான் பொழுது சாய்ந்ததும் சிங்கம் பியோனிச் செடியடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

ஜப்பானில் வழங்கும் பழைய கதை இது. 'சிங்கத்தின் உடம்புக்குள் பூச்சி' என்பது இன்றும் அங்கே பழமொழி. கூட இருந்தே குழி பறிப்பவனை அப்படிச் சொல்வார்கள். மூலம் பௌத்த நூல்கள்: புத்தர் சொன்ன அறத்தை வெளிப்பகைவர் அழிக்க மாட்டார்கள், உள்ளிருக்கும் கெட்ட துறவிகளே அழிப்பார்கள் என்பதற்குச் சொன்ன உவமை.

இப்போது ஒரு ஜப்பானியக் கூலியாளின் முதுகை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்திலிருந்து பிட்டம்வரை பச்சை குத்திய ஒரே படம். சுருள் சுருளான பிடரியோடு ஒரு சிங்கம், அதைச் சுற்றித் தட்டு அகலத்துக்குப் பியோனிப் பூக்கள். கதை தெரியாதவருக்கு அது 'வீரமும் அழகும்'. தெரிந்தவருக்கு அங்கே வரையப்படாத ஒன்றும் தெரியும்: அந்தப் பூச்சி. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு, அதற்கு ஒரு நிழல் வேண்டும் என்று அந்த முதுகு சொல்கிறது.

டாட்டூ கடைகளிலும் இணையத்திலும் ஒரு பட்டியல் சுற்றுகிறது. டிராகன் என்றால் வலிமை, கோய் என்ற கெண்டை மீன் என்றால் விடாமுயற்சி, செர்ரிப் பூ என்றால் நிலையாமை, புலி என்றால் துணிவு. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் நிகண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லக் கிளம்பினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். ஜப்பானிய மரபில் ஒரு உருவம் தனியாக நின்று எதையும் முழுதாகச் சொல்வதில்லை. அதன் பக்கத்தில் என்ன பூ, அது எந்தப் பருவத்துப் பூ, பின்னால் ஓடுவது தண்ணீரா காற்றா, உடம்பில் எந்த இடம், யார் கண்ணுக்குப் படும், யார் கண்ணுக்குப் படாது, இத்தனையும் சேர்ந்தால்தான் பொருள்.

நமக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. குறிஞ்சி என்றால் யாமம், வேங்கை, மயில். நெய்தல் என்றால் எற்பாடு, புன்னை, சுறா என்று ஒவ்வொன்றுக்கும் உரியதைச் சேர்த்துப் படித்துப் பழகியவர்கள் நாம். ஒன்றின் கருப்பொருள் இன்னொன்றில் தலைகாட்டினால் 'ஏன் இங்கே?' என்று கேட்போம். ஜப்பானியப் பச்சைக் கலைஞரும் அப்படித்தான் கேட்பார். மானுக்கு மேப்பிள் இலை, காட்டுப்பன்றிக்கு ஹாகி என்ற புதர்ப்பூ, பட்டாம்பூச்சிக்குப் பியோனி. அங்கே வீட்டுக்கு வீடு ஆடிய ஹனாஃபுடா சீட்டுக்கட்டிலும் இதே ஜோடிகள்தான், மாதத்துக்கு ஒரு செடியாகப் பன்னிரண்டு. 1889இல் கியோத்தோவில் நிண்டெண்டோ நிறுவனம் தொடங்கப்பட்டதே அந்தச் சீட்டைச் செய்து விற்கத்தான். ஆக இந்த ஜோடிப் பொருத்தம் பண்டிதர்களின் சொத்து அல்ல. சீட்டாடுகிற தச்சனுக்கும் பல்லக்குத் தூக்கிக்கும் அத்துப்படி.

புலிக்கு மூங்கில் ஜோடி. ஜப்பானில் புலியே கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. சிங்கமும் கிடையாது, 'கராஷிஷி' என்ற பெயரிலேயே 'சீனத்துச் சிங்கம்' என்று ஒப்புக்கொள்கிறார்கள். எடோ காலத்து, அதாவது 17-19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் இறக்குமதியான புலித்தோலைத் தரையில் விரித்துவைத்து, வீட்டுப் பூனையின் நடையைப் பார்த்துப் பார்த்துப் புலி வரைந்தார்கள். பல ஜப்பானியப் புலிகளின் முகத்தில் ஒரு பால் குடிக்கும் களை தெரிவது அதனால்தான். ஆனாலும் புலிக்கு அங்கே இருந்த மதிப்பு பெரிது. 1822இல் ஒசாகாவில் காலரா பரவியபோது, தோஷோமாச்சி மருந்துக்கடைத் தெருவில் புலியின் மண்டையோட்டு எலும்பு சேர்த்த மாத்திரையைக் கொடுத்தார்கள், கூடவே காகிதக்கூழில் செய்த ஒரு குட்டிப் புலியையும். இன்றும் நவம்பர் மாதத் திருவிழாவில் அதே புலியை மூங்கில் இலைக்கொத்தில் கட்டிக் கொடுக்கிறார்கள். தோளில் புலி குத்திக்கொண்டவர் எல்லாரும் தன் வீரத்தைப் பறைசாற்றவில்லை. நோய்நொடி அண்டாமலிருக்கக் குத்திக்கொண்டவரும் உண்டு.

சரி, இவ்வளவு பெரிய படங்கள் மனித உடம்புக்கு எப்படி வந்தன?

பச்சை குத்தும் வழக்கம் அங்கே மிகப் பழையது. 3ஆம் நூற்றாண்டுச் சீன வரலாற்று நூலான வெய் நாட்டு வரலாறு, தீவு மக்களான 'வா' நாட்டு (ஜப்பானுக்குச் சீனர் அன்று சொன்ன பெயர்) ஆண்கள் முகத்திலும் உடம்பிலும் குத்திக்கொண்டிருந்ததைக் குறித்துவைத்திருக்கிறது. கடலில் மூழ்கி மீனும் சிப்பியும் எடுப்பவர்கள், பெரிய மீன்கள் கிட்டே வராமலிருக்கக் குத்திக்கொண்டார்கள். பிறகு அது வெறும் அலங்காரமாயிற்று என்கிறது அந்தக் குறிப்பு. ஆனால் அதற்கும் இன்று நாம் பார்க்கும் முழு முதுகு டிராகனுக்கும் நேர்க்கோடு போட முடியாது. இடையில் பல நூற்றாண்டுகள் கிட்டத்தட்ட மௌனம். இன்றைய பாணி எடோ என்று அழைக்கப்பட்ட பழைய தோக்கியோவில், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருவானது.

முதலில் அது அவமானச் சின்னம். 1720இல், மூக்கறுப்பது காதறுப்பது போன்ற தண்டனைகளுக்குப் பதிலாகத் திருடர்களுக்குப் பச்சை குத்தும் சட்டம் வந்தது. எடோவில் முன்கையைச் சுற்றி இரண்டு பட்டைக் கோடுகள். சில பகுதிகளில் நெற்றியிலேயே குத்தினார்கள்: முதல் குற்றத்துக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இன்னொன்று, மூன்றாவதில் கோடுகள் எல்லாம் சேர்ந்து 'நாய்' என்ற எழுத்தாகிவிடும். 1870வரை இது இருந்தது. இந்தத் தண்டனைக் குறிக்கு 'இரேசுமி' என்று பெயர், மையை உள்ளே செலுத்துவது. அழகுக்காகக் குத்திக்கொண்டவர்கள் தங்களுடையதை அந்தப் பெயரால் அழைக்க விரும்பவில்லை. 'ஹொரிமோனோ' என்றார்கள், செதுக்கியது என்று பொருள். இன்றும் அந்தத் தொழிலில் ஊறியவர்கள் பலர் இந்த இரண்டாவது சொல்லைத்தான் விரும்புகிறார்கள். நாம் 'பச்சை' என்று சொல்கிறோம், தோலுக்கடியில் போன கருப்பு மை பச்சையாகத் தெரிவதால். ஜப்பானிய மரபிலும் புகைக்கரியும் பசையும் சேர்த்துக் கட்டியாக்கிய எழுதுமைதான். கல்லில் உரைக்கும்போது கருப்பு, தோலுக்குள் போனால் நீலம்.

இன்னொரு பக்கம் காதல். எடோவின் கேளிக்கைத் தெருக்களில் கணிகையும் அவள் காதலனும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வார்கள். கட்டைவிரல் நுனி மற்றவர் கையில் எங்கே படுகிறதோ அங்கே ஆளுக்கொரு மச்சம் குத்திக்கொள்வார்கள். ஒற்றைப் புள்ளி. கை கோக்கும்போது மட்டும் மறையும். பின்னாளில் வந்த எல்லாப் பறக்கும் டிராகன்களையும்விட எனக்கு இந்தப் புள்ளிதான் பிடித்திருக்கிறது.

புள்ளியிலிருந்து முழு உடம்புக்குத் தாவவைத்தது ஒரு படக்கதை. சீனத்து நாவலான 'சுய்கோடென்', அதாவது சதுப்புநிலக் கொள்ளைக்காரர் 108 பேரின் கதை, எடோ மக்களைப் பிடித்து ஆட்டியது. ஊழல் அதிகாரிகளை எதிர்த்துக் காட்டுக்குப் போன நல்ல திருடர்கள். சாமுராய் ஆட்சியில் வாய் திறக்க முடியாத நகரத்துச் சாமானியர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1827 வாக்கில் உதாகவா குனியோஷி என்ற ஓவியர் அந்த வீரர்களை ஆளுக்கொரு மரஅச்சுப் படமாக வெளியிடத் தொடங்கினார். அதுவரை பெரிய பெயர் இல்லாதவர், ஒரே தொடரில் உச்சிக்குப் போனார். நாவலில் உடம்பில் பச்சை உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்பது டிராகன் குத்திய ஷிஷின், பூக்கள் குத்திய முரட்டுத் துறவி ரோசிஷின், அழகன் என்ஸெய் என்று சிலர்தான். குனியோஷியோ தன் கைக்கு வந்தவர்களுக்கெல்லாம் குத்திவிட்டார். பத்துப் பேருக்கும் மேல். நாவலில் ஒரு வரியாக இருந்தது அவர் கையில் வண்ணக் கடலாயிற்று.

அதில் ஒரு படம் சோஜுன் என்ற நீச்சல் வீரனுடையது. வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு, நகர மதிலின் நீர்வாயிலில் இருக்கும் இரும்புக் கம்பிகளை வளைத்துப் பிளந்துகொண்டு வருகிறான். மேலே எச்சரிக்கை மணிகள் தொங்குகின்றன. கதை படித்தவருக்குத் தெரியும்: இன்னும் சற்று நேரத்தில் அந்த மணிகள் ஒலிக்கும், அம்புகள் பாயும், அவன் செத்துப்போவான். ஜெயித்த கணத்தை வரையவில்லை. தோற்கப்போவது தெரிந்தும் கம்பியை வளைக்கிற கணத்தை வரைந்திருக்கிறார். சோஜுன் இன்றும் முதுகுகளில் இருக்கிறான். பச்சை குத்திய வீரனைப் பச்சையாகக் குத்துவதற்குத் தனிப் பெயரே உண்டு: 'நிஜூபோரி', இரட்டைச் செதுக்கல். முதுகில் ஒரு ஆள், அந்த ஆளின் முதுகில் ஒரு டிராகன்.

மரஅச்சுப் பலகையைச் செதுக்குபவனுக்கும் ஜப்பானிய மொழியில் 'ஹொரிஷி', தோலில் செதுக்குபவனுக்கும் 'ஹொரிஷி'. பச்சைக் கலைஞர்கள் தங்கள் தொழில் பெயருக்கு முன்னால் 'ஹொரி' சேர்த்துக்கொள்வது அதனால்தான். தடித்த வெளிக்கோடு, உள்ளே மெல்ல வெளுத்துக்கொண்டே போகும் நிழல் என்று பாணியும் அச்சுப் படத்தின் பாணியேதான்.

யார் குத்திக்கொண்டார்கள் என்று பார்த்தால் உருவங்களின் பொருள் இன்னும் தெளிவாகும். கோவணத்தோடு வேலை செய்தவர்கள்: தபால் ஓடுபவர்கள், பல்லக்குத் தூக்கிகள், சாரம் கட்டும் 'தோபி' தொழிலாளர்கள். சட்டை இல்லாத உடம்புக்கு அதுவே சட்டை. இவர்களில் முக்கியமானவர்கள் தோபிகள். மரவீடுகள் நெருக்கியடித்த எடோவில் தீ அன்றாட விஷயம். 'தீயும் சண்டையும் எடோவின் பூக்கள்' என்று ஒரு வாசகமே உண்டு. 1720இல் நகரத்துத் தீயணைப்புக் குழுக்களை 'இ, ரோ, ஹா' என்று அரிச்சுவடி எழுத்துகளால் பிரித்து அமைத்தபோது, அதில் சேர்க்கப்பட்டவர்கள் இந்தச் சாரக்காரர்களே. தண்ணீர் ஊற்றி அணைக்கிற காலமா அது? தீ போகும் வழியிலுள்ள வீடுகளைப் பிரித்துப் போட்டுத் தீனி இல்லாமல் செய்வதுதான் அன்றைய முறை. வீட்டைக் கட்டத் தெரிந்தவனுக்குத்தானே வேகமாகப் பிரிக்கவும் தெரியும்.

இவர்கள் முதுகில்தான் டிராகன் உட்கார்ந்தது. இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேற்கத்திய டிராகன் நெருப்புக் கக்கும், புதையலைக் காக்கும், அதைக் கொன்றால் வீரன். கிழக்கத்திய டிராகன் தண்ணீர்த் தெய்வம். மேகத்தைக் கூட்டி மழையைக் கொண்டுவருவது அது. 'மேகம் டிராகனைத் தொடரும், காற்று புலியைத் தொடரும்' என்ற பழைய சீன வாக்கு பச்சைப் படங்களின் பின்னணியில் இன்றும் அப்படியே கடைப்பிடிக்கப்படுகிறது. ஆக, தீயணைப்புக்காரன் டிராகனைச் சுமந்தது மிரட்டுவதற்கு அல்ல. நெருப்புக்குள் நுழையும்போது முதுகில் ஒரு மழை இருக்கட்டும் என்றுதான்.

அவர்கள் போட்ட மேலங்கியிலும் இதே புத்தி. பல அடுக்குப் பருத்தித் துணியைத் தைத்து, தண்ணீரில் தொப்பலாக நனைத்துப் போட்டுக்கொள்வார்கள். வெளிப்பக்கம் குழுவின் அடையாளம் மட்டும். உள்பக்கம், முதுகைத் தொடும் பக்கம், டிராகனோ நீர்வீழ்ச்சியோ சுய்கோடென் வீரனோ வண்ணத்தில் எழுதியிருக்கும். தீ அணைந்ததும் அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீதியில் நடந்து வருவார்கள். அங்கியின் உள்ளேயும் டிராகன், அதன் கீழே தோலிலும் டிராகன்.

இந்த டிராகன் வந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனால் நமக்குத் தெரிந்த வீட்டு வாசலில் போய் நிற்போம். பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்குப் போன 'எட்டுப் பெரும் டிராகன் அரசர்கள்' யார் தெரியுமா? நந்தன், உபநந்தன், சாகரன், வாசுகி, தட்சகன் முதலான நாகராஜர்கள். பாற்கடலைக் கடையக் கயிறான அதே வாசுகிதான் அங்கே 'வஷுகிட்சு'. நாகத்துக்குக் காலும் கொம்பும் முளைத்தது சீனத்தில்.

இன்னும் நெருக்கமான உதாரணம் ஃபுடோ மியோஓ. தீயணைப்புக்காரர்களும் பின்னாளில் சூதாடிகளும் மிகவும் விரும்பிய தெய்வம். பெயரின் பொருள் 'அசையாதவர்', வடமொழியில் அசலநாதர். வலக்கையில் வாள், இடக்கையில் பாசக்கயிறு. ஒரு பல் மேல்நோக்கி, ஒரு பல் கீழ்நோக்கி. ஒரு கண் வானத்தை, ஒரு கண் மண்ணைப் பார்க்கிறது. முதுகுப்புறம் எரிகிற சுவாலையின் பெயர் கருடச் சுவாலை. நன்றாகப் பார்த்தால் தீநாக்குகளில் பறவைத் தலைகள் தெரியும். அவர் வாளைச் சுற்றிக்கொண்டு அதன் நுனியை விழுங்குவதுபோல் ஒரு டிராகன் வரும். அதற்குக் 'குரிகரா' என்று பெயர், குலிகன் என்ற நாகராஜனின் பெயர் திரிந்தது. நம் கதைகளில் ஜென்மப் பகையான நாகமும் கருடனும் ஒரே தெய்வத்துக்கு ஆயுதமும் நெருப்புமாகச் சேவகம் செய்கின்றன. எடோ பேச்சுவழக்கில் பச்சை குத்திய உடம்புக்கே 'குரிகரா மொன்மொன்' என்று பட்டப்பெயர் விழுந்தது. ஒரு நாகராஜனின் பெயர் தோக்கியோவின் கொச்சை மொழியில் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீணைக்குப் பதில் பிவா வாத்தியத்தோடும் வெள்ளைப் பாம்போடும் முதுகுகளில் வரும் பென்ஸைதென்னும் சரஸ்வதியேதான்.

கோய் மீனுக்கு வருவோம். மஞ்சள் ஆற்றின் 'டிராகன் வாயில்' அருவியை எதிர்த்து ஏறிக் கடந்துவிட்ட மீன் டிராகனாகிவிடும் என்ற சீனக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜப்பானிய மொழியில் பெரிய தேர்வையோ அறிமுகப் போட்டியையோ இன்றும் 'டிராகன் வாயில் ஏறுதல்' என்றே சொல்கிறார்கள். மே 5ஆம் தேதி பிள்ளைகளுக்காக வீட்டுக்கு வெளியே பறக்கவிடும் துணி மீன்களும் இதே கதைதான். இதோடு நிறுத்திக்கொண்டால் கோய் வெறும் தன்னம்பிக்கைப் பேச்சாளராகிவிடும். அதற்கு இன்னொரு முகம் உண்டு. 'வெட்டுப்பலகையில் கோய்' என்று ஒரு தொடர். பிடிபடும்வரை துள்ளும் மீன், பலகையில் வைத்துக் கத்தியை எடுத்துவிட்டால் அசையாமல் கிடக்குமாம். நடப்பது நடக்கட்டும் என்று கிடப்பவனைச் சொல்ல அந்தத் தொடர். ஏறும் கோய் ஆசை. கிடக்கும் கோய் துணிவு. வாரம் ஒருமுறை பாயில் குப்புறப் படுத்து, மணிக்கணக்கில் ஊசிக்கு முதுகைக் கொடுத்த ஒருவருக்கு இரண்டாவது பொருள் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோயோடு ஒரு சிறுவன் வரும் படத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சிவந்த உடம்போடு, பெரிய மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தால் அவன் கிந்தாரோ, காட்டில் வளர்ந்த பலசாலிப் பிள்ளை. ஆண்குழந்தைக்குச் சொல்லும் வாழ்த்து அது. கையில் கத்தியோடு மீனைக் குத்தப் போகிறவன் ஒனிவகமாரு, பிற்காலத்தில் பெங்கெய் என்று பெயர் பெற்ற வீரத் துறவியின் இளம்பிராயம். தன் தாயை விழுங்கிய மீனைக் கொல்ல வந்தவன். ஒரே மீன், ஒரே பருமனான பையன். ஒன்று வாழ்த்து, இன்னொன்று பழிவாங்கல். நடுவில் ஒரு கத்திதான் வித்தியாசம்.

அதிகம் தப்பாகப் படிக்கப்படுவது ஹன்னியா முகமூடி. இரண்டு கொம்பு, கோரைப் பல், பொன்னிறக் கண். வெளிநாட்டில் அதைப் 'பேய்' என்று குத்திக்கொண்டு போகிறார்கள். அது ஒரு பெண். நோ என்ற முகமூடி நாடகத்தில் பொறாமையும் அவமானமும் தாங்காமல் உருமாறிப்போன பெண்ணின் முகம். இளம் துறவி ஒருவனைக் காதலித்து ஏமாந்து, துரத்திக்கொண்டே ஓடிப் பாம்பாக மாறி, அவன் ஒளிந்திருந்த தோஜோஜி கோவில் மணியைச் சுற்றிக்கொண்டு அவனை எரித்துவிட்ட கியோஹிமேயின் கதையில் வருவது இந்த முகமூடிதான். மரத்தில் செதுக்கிய அந்த முகமூடியைக் கையில் பிடித்து நிமிர்த்தினால் சீறும். சற்றே கவிழ்த்தால் புருவ நிழல் கண்ணில் விழுந்து அழுவதுபோல் இருக்கும். நல்ல பச்சைக் கலைஞர் தோள் உருண்டையில் எந்தச் சாய்வில் வைக்கிறார் என்பதைப் பொறுத்து அவள் கோபத்தில் இருக்கிறாளா துக்கத்தில் இருக்கிறாளா என்பது தெரியும். நிறத்திலும் கணக்குண்டு: வெளிறிய முகம் மேட்டுக்குடிப் பெண், சிவந்தது கீழ்க்குடிப் பெண். பெயரோ இதைவிட விசித்திரம். 'ஹன்னியா' என்பது வடமொழி 'பிரக்ஞா', மெய்யறிவு. பித்தேறிய முகத்துக்கு அறிவின் பெயர். அப்பெயர் கொண்ட துறவி ஒருவர் முதலில் செதுக்கியதால் வந்தது என்பார்கள். பிரக்ஞா சூத்திரத்தை ஓதும் குரல் கேட்டு அந்த ஆவி அலறும் நாடகக் காட்சியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

வெட்டுண்ட தலையையும் குத்திக்கொள்வார்கள், கூந்தலில் அம்போ கத்தியோ செருகிய நிலையில். கொலைவெறி என்று முகம் சுளிக்க வேண்டாம். தோற்றவன் விதியை முகத்துக்கு நேரே பார்த்தான் என்று அதைப் படிப்பார்கள். பக்கத்தில் செர்ரிப் பூவிதழ்கள் உதிர்ந்துகொண்டிருக்கும். செர்ரி வாடிக் கருகுவதில்லை, அழகாக இருக்கும்போதே உதிர்ந்துவிடுகிறது. 'பூக்களில் செர்ரி, மனிதரில் சாமுராய்' என்ற வாசகம் இதனால்தான். இதே பூவை இரண்டாம் உலகப் போரில் அரசு எடுத்துக்கொண்டு, தற்கொலைத் தாக்குதலுக்குச் செய்த விமானத்துக்கு 'ஓகா', செர்ரிப் பூ என்று பெயர் வைத்தது. ஒரு சின்னம் யார் கைக்குப் போகிறது என்பதும் அதன் பொருளில் சேர்த்தி.

பின்னணியைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கத்திய முறையில் இங்கொன்று அங்கொன்றாக ஸ்டிக்கர் ஒட்டினாற்போல் குத்துவார்கள். இங்கே முழு உடம்பும் ஒரே படம். நாயகன் நடுவில், அவனைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் அலை, மேகம், பாறை, காற்றுப் பட்டைகள். இந்தப் பின்னணியை 'காகு' என்பார்கள், படச்சட்டம். கை மடிந்தாலும் இடுப்பு திரும்பினாலும் தண்ணீர் ஓடுவதுபோல் தெரியவேண்டும் என்பதுதான் அதில் சோதனை. படம் முடியும் விளிம்புக்கும் பெயர்கள் வைத்திருக்கிறார்கள்: பியோனி இதழ்போல் வளைந்து முடிந்தால் ஒன்று, விடியல் வானம்போல் மெல்லக் கரைந்தால் 'அகெபோனோ', வெட்டினாற்போல் நின்றால் இன்னொன்று.

கையால் குத்தும் 'டெபோரி' முறையில் கலைஞர் இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, அந்தக் கட்டைவிரல் மேல் ஊசிக்கட்டு செருகிய கோலைச் சாய்த்து வைத்து, வலக்கையால் தள்ளித் தள்ளித் தூக்குவார். மையில் தோய்த்த தூரிகை இடக்கை விரலிடுக்கிலேயே இருக்கும். ஊசி தோலைவிட்டு எழும்போது 'ஷக், ஷக்' என்று மெல்லிய சத்தம் வரும். முதலில் வெளிக்கோடு, பிறகு நிழல், கடைசியில் நிறம். முழு உடம்பு முடிய வருடங்கள் ஆகும்.

சட்டைக்கு இருப்பதுபோல் பச்சைக்கும் பலவகை வெட்டுகள் உண்டு. 'முனேவாரி' என்ற வகையில் நெஞ்சின் நடுவில், கழுத்திலிருந்து வயிறுவரை ஒரு சாண் அகலத்துக்குத் தோலை வெறுமனே விட்டுவிடுவார்கள். கிமோனோவின் முன்பக்கம் சற்றுத் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. அக்குளில், தொடையின் உள்பக்கத்தில் மட்டும் குத்தும் 'ககுஷிபோரி', மறைவுச் செதுக்கல், இன்னொரு வகை. காட்டுவதற்காக இவ்வளவு வலியைத் தாங்கிவிட்டு மறைப்பதற்கு இவ்வளவு கணக்கா என்று தோன்றும். எடோ வணிகர்கள் ஆடம்பரத் தடைச் சட்டத்துக்குப் பயந்து, வெளியே சாதாரணத் துணி, உள் லைனிங்கில் விலையுயர்ந்த பட்டு என்று உடுத்தியவர்கள். 1862இல் முதலில் மேடையேறிய கபுகி நாடகம் ஒன்றில், பெண்வேடமிட்டு ஜவுளிக்கடையில் ஏமாற்றவந்த திருடன் பென்தென் மாட்டிக்கொண்டதும் கிமோனோவைத் தோளிலிருந்து நழுவவிடுவான். செர்ரிப் பூக்கள் தெரியும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மொத்த மறைப்பும்.

தடைகள் வந்தபடியே இருந்தன. 1842இல் ஒன்று, 1872இல் சாமுராய் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு, வெளிநாட்டார் நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று நினைப்பார்களே என்று வெட்கப்பட்டு இன்னொன்று. அந்த வெளிநாட்டார் என்ன செய்தார்கள் என்றால், ஜப்பானில் கால் வைத்ததும் பச்சைக் கலைஞரைத் தேடினார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான பிரிட்டிஷ் இளவரசர் 1881இல் கையில் குத்திக்கொண்டு போனார். 1891இல் ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் நாகசாகியில் வலக்கையில் டிராகன் குத்திக்கொண்டார். சொந்த மக்களுக்குத் தடை, விருந்தாளிக்கு அனுமதி. ஹொக்கைதோவின் ஐனு பெண்கள் உதட்டைச் சுற்றியும், ஒக்கினாவா பெண்கள் கையிலும் குத்திக்கொண்ட, டிராகனோடு சம்பந்தமே இல்லாத வேறு மரபுகளும் இதே வெட்கத்தில் அடிபட்டுப்போயின. தடை நீங்கியது 1948இல்.

பிறகு 1960களில் வந்த, யாகூசா என்னும் தாதாக் கும்பல்களைப் பற்றிய படங்கள். வெள்ளித்திரையில் அரைக் கிமோனோவோடு நின்ற கதாநாயகனின் முதுகில் சிங்கமும் பியோனியும். மக்கள் மனதில் தச்சனும் தீயணைப்புக்காரனும் மறைந்து தாதா மட்டும் மிஞ்சினான். 2012இல் ஒசாகா மாநகராட்சி தன் ஊழியர்களிடம் யார் யாருக்குப் பச்சை இருக்கிறது என்று படிவம் கொடுத்துக் கணக்கெடுத்தது. 2001இல் சுகாதார அமைச்சகம் ஊசியால் மை செலுத்துவது மருத்துவச் செயல் என்று சுற்றறிக்கை விட, அதன்படி மருத்துவ உரிமம் இல்லாத ஒசாகாக் கலைஞர் ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்றம் 1,50,000 யென் அபராதம் போட்டது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பச்சை குத்துவது மருத்துவம் அல்ல என்று முடித்துவைத்தது.

வெந்நீர் ஊற்றுகளின் வாசலில் மட்டும் பலகை இன்னும் தொங்குகிறது. 2015இல் ஜப்பான் சுற்றுலாத் துறை விடுதிகளைக் கேட்டபோது, பதில் சொன்ன சுமார் 600இல் 56 விழுக்காடு பச்சை உள்ளவர்களைக் குளிக்க விடுவதில்லை என்றன. 13 விழுக்காடு மறைத்துக்கொண்டால் சரி என்றன. மறைப்பதற்குச் சில விடுதிகள் தோல்நிற ஸ்டிக்கரும் தருகின்றன, உள்ளங்கையளவு. கணுக்காலில் பட்டாம்பூச்சி குத்திக்கொண்ட பயணிக்கு அது போதும். கழுத்திலிருந்து தொடைவரை மேகத்தோடு இறங்கும் தண்ணீர்த் தெய்வத்தைச் சுமப்பவர், துண்டைத் தோளில் போட்டபடி தெருமுனைப் பொதுக் குளியலறைக்கு நடக்கிறார். அங்கே பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை.